கடைசிப் புத்தகம் எது என்பதை நாமே முடிவு செய்யலாம்

கொலை விழும், ஆனால் ரத்தம் தெறிக்காது. குற்றவாளி மாட்டுவான், ஆனால் மாட்டிவிடுவது போலீஸ் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியோ, பேக்கரி நடத்தும் பெண்ணோ, வேலையை விட்டுவந்த பத்திரிகைக்காரரோதான். ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 'கோஸி மிஸ்டரி' என்கிற இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் தொடராகத்தான் வரும். அதே ஊர், அதே ஆட்கள், பத்துப் புத்தகம், இருபது புத்தகம். படிக்கிற நாமும் வருஷக்கணக்கில் அந்த ஊரிலேயே குடியிருப்போம். பிறகு தொடர் முடிந்துவிடும். அதன்பின் சில வாரம் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மனசு ஒட்டாது. இதை அனுபவித்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் என் ஆயாவும் (பாட்டியை எங்கள் பக்கம் இப்படித்தான் சொல்வோம்) சேர்ந்து இப்படிச் சில ஊர்களைவிட்டுக் கிளம்பியிருக்கிறோம். எப்படிக் கிளம்பினால் நன்றாக இருக்கிறது என்பது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.

எங்கள் வீடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில். ஆயாவுக்கு நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் நடமாடுவது தெரியும், நேரே வைத்திருக்கும் எழுத்து தெரியாது. சின்ன வயதில் விகடனை வரி விடாமல் படித்தவர். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) தூணோரமாக உட்கார்ந்து நான் வாசிப்பேன். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்வேன். ஆயா பனையோலைக் கொட்டான் பின்னிக்கொண்டே கேட்பார். கொட்டானுக்குக் கண் வேண்டியதில்லை, விரல் போதும். கதையில் யாராவது பொய் சொல்கிற இடம் வந்தால் விரல் நின்றுவிடும். பல தடவை துப்பறிபவருக்கு முன்னால் எனக்குத் துப்புக் கொடுத்தது அந்த விரல்தான்.

முதலில் பிடித்த ஊர் செயின்ட் மேரி மீட். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் வாழும் கிராமம். ஆயாவுக்கு அவர் 'மார்ப்பிள் ஆச்சி'. அந்த ஆச்சி பின்னல் ஊசியும் கம்பளி நூலுமாக உட்கார்ந்திருப்பார், இந்த ஆயா ஓலையும் கையுமாக. அவர் துப்பறியும் முறையும் எங்களுக்குப் பழக்கமானதுதான். சந்தேகப்பட வேண்டிய ஆளைப் பார்த்ததும், 'எங்கள் ஊரில் மீன்கடைக்காரரின் மகன் இப்படித்தான்' என்று கிராமத்து ஆள் ஒருவரோடு பொருத்திப் பார்ப்பார். ஆயா அதையே பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆட்களை வைத்துச் செய்வார். அந்தப் பெயர்களை இங்கே எழுத முடியாது. பிணம் கிடைத்ததும் ஆயா கேட்கும் முதல் கேள்வி, "உயில் இருக்கா? பங்கு யாருக்குப் போகுது?" ஒரே வீட்டுக்கு இத்தனை புள்ளி (குடும்பம்) பங்குதாரர்கள் என்று கணக்கு வைத்து, பாதி அறைகளைப் பூட்டியே வைத்திருக்கும் ஊரில் வாழ்ந்தவருக்கு வேறு எந்தக் கேள்வி முதலில் வரும்?

தொடர் முடிந்ததும் மனசு தேடுவது புதிரை அல்ல என்று எனக்குத் தெரியவந்தது ஆயாவால்தான். புதிர்கள் எங்களுக்குக் கலைந்தே போயின, எந்தப் புத்தகத்தில் எந்த விஷம் என்பதுகூடக் குழம்பிவிட்டது. ஆனால் பாதிரியாரின் மனைவி கிரிசெல்டாவுக்கு வீட்டு நிர்வாகம் வராது என்பது ஆயாவுக்கு நினைவிருக்கிறது. மார்ப்பிளின் தோழி டாலி பேன்ட்ரிக்குத் தோட்டம் என்றால் உயிர் என்பதும் நினைவிருக்கிறது. நாம் பிரிவது ஓர் ஊரையும் அதன் மனிதர்களையும்தான். இது புரிந்தபிறகு, விடைபெறுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் ஓரளவு தானாகத் தெரிந்தது.

முதலாவது, கடைசியாகப் படிக்கும் புத்தகத்தைப் பதிப்பாளரின் தேதி தீர்மானிக்க வேண்டாம். மிஸ் மார்ப்பிள் நாவல்கள் மொத்தம் 12. முதல் நாவல் 1930-இல் வந்தது. கடைசியாக அச்சானது 'ஸ்லீப்பிங் மர்டர்', 1976-இல். அந்த வருஷம் ஜனவரி 12-ஆம் தேதியே கிறிஸ்டி இறந்துவிட்டார். அட்டையிலேயே 'மிஸ் மார்ப்பிளின் கடைசி வழக்கு' என்று போட்டிருக்கும். அதை நம்பிக் கடைசிக்கு வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுதி, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உதவட்டும் என்று பூட்டி வைத்த கதை அது. அதனால் அதில் மார்ப்பிள் ஆச்சி இன்னும் தெம்பாக நடமாடுகிறார். 1962-இல் வந்த 'தி மிரர் கிராக்ட்' நாவலில் டாலி விதவை. இந்தக் 'கடைசி' வழக்கிலோ அவர் கணவர் கர்னல் பேன்ட்ரி உயிரோடு இருக்கிறார்! நான் வரிசையைப் பார்த்து வைத்திருந்ததால் இதை நடுவிலேயே படித்துவிட்டோம். போர்க்காலக் கதையாகப் படித்தால் அருமையான கதை.

எழுத்தாளர் உண்மையில் கடைசியாக எழுதிய மார்ப்பிள் நாவல் 1971-இல் வந்த 'நெமசிஸ்'. நாங்கள் விடைபெற்றதும் அதில்தான். அதற்கு முன்னால் 'தி மிரர் கிராக்ட்' படித்தே ஆக வேண்டும். அதில் ஆச்சிக்கு வயதாகிவிட்டது. தோட்ட வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள மிஸ் நைட் என்று ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். நல்ல பெண்தான், ஆனால் கிழவியைக் குழந்தையாக நடத்துகிறாள். ஆச்சி அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஊரோரம் புதிதாக வந்திருக்கும் குடியிருப்பைப் பார்க்கத் தனியே கிளம்பிவிடுகிறார். அங்கே தடுக்கி விழுகிறார். அந்தப் பக்கங்களை வாசித்தபோது ஆயா கொட்டானைக் கீழே வைத்துவிட்டார். "கீழ விழுந்தது பெருசில்ல. தனியாப் போயி பாத்துட்டு வந்தாகல்ல, அதான் பெருசு" என்றார். செயின்ட் மேரி மீட் மாறிவிட்டதைச் சொல்லும் நாவல் அது. வீட்டைப் பிரித்துத் தூணையும் நிலையையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விற்பதைப் பார்த்த யாருக்கும் அந்தத் துயரத்தை விளக்க வேண்டியதில்லை.

'நெமசிஸ்' கதையைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன், முடிவில் வரும் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். 1964-இல் வந்த 'எ கரீபியன் மிஸ்டரி'யில் ஆச்சியோடு பழகிய பணக்காரக் கிழவர் ரஃபியல் இறந்துபோகிறார். ஒரு வேலையைச் செய்து முடித்தால் 20,000 பவுண்ட் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார். வேலை முடிகிறது. வக்கீல்கள் அந்தப் பணத்தை வட்டி வரும் கணக்கில் போடலாமா என்கிறார்கள். வேண்டாம், நடப்புக் கணக்கிலேயே போடுங்கள், செலவழிக்கப் போகிறேன் என்கிறார் ஆச்சி. கௌதாரி சாப்பிட வேண்டும், சர்க்கரைப் பாகில் ஊறிய செஸ்ட்நட் ஒரு பெட்டி வேண்டும், ஓபராவுக்குப் போக வேண்டும் என்று ஆசைகள்.

வட்டியைத் தாய்ப்பாலோடு பழகிய சமூகம் எங்களுடையது. ஆயாவுக்கு முதலில் பொறுக்கவில்லை. "வட்டி இல்லாத கணக்குலயா? இம்புட்டுப் பணத்தையா? நல்லாப் பாரு ஆத்தா, சரியா வாசி." மறுபடி வாசித்தேன். ஆயா யோசித்தார். தன் சிறுவாட்டுப் பணத்திலிருந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்ததைத் தவிர தனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொள்ளாதவர். கடைசியில், "சரிதேன். கௌதாரிய நல்லா மொளகு போட்டு வறுக்கச் சொல்லு" என்றார். அடுத்த வாரம் தனக்கு ஒரு ரேடியோ வாங்கித் தரச் சொன்னார், காசை அவரே கொடுத்தார். ஒரு தொடரை இப்படி முடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆள் சாகவில்லை, கதவு அடைக்கப்படவில்லை, பையில் பணத்தோடு வெளியே கிளம்புகிறார். இதே எழுத்தாளர் தன் இன்னொரு துப்பறிவாளரான பொய்ரோவை 1975-இல் வந்த 'கர்ட்டன்' நாவலில் சாகடித்தார். நியூயார்க் டைம்ஸ் அதை மரணச் செய்தியாகவே முதல் பக்கத்தில் போட்டது. அந்த நாவலை நான் தனியாகத்தான் படித்தேன். ஆயாவுக்கு வாசிக்கவில்லை, வாசிக்கவும் மாட்டேன்.

ஆனால் எல்லாத் தொடருக்கும் இப்படி முடிவு வாய்க்காது. அமெரிக்காவில் இந்த வகைப் புத்தகங்களுக்குப் பொதுவாக மூன்று புத்தக ஒப்பந்தம் போடுவார்கள். விற்பனை போதவில்லை என்றால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது, அவ்வளவுதான். கதாநாயகியின் கல்யாணம் பாதியில் நிற்கும், காணாமல்போன அண்ணன் காணாமல்போனவனாகவே இருப்பான். கையடக்க மலிவுப் பதிப்புச் சந்தை சுருங்கிவருவதால் இது இன்னும் அதிகமாக நடக்கிறது. 'தொடர் நின்றுவிட்டது' என்று பதிப்பகம் அறிவிப்பதும் அரிது. வருஷத்துக்கு ஒன்றாக வந்த தொடரில் இரண்டு வருஷமாக எதுவும் இல்லை, அதே எழுத்தாளர் வேறு பெயரில் வேறு ஊரை வைத்துப் புதுத் தொடர் தொடங்கிவிட்டார் என்றால் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். எழுத்தாளரின் இணையதளத்தைப் பாருங்கள். உரிமையைத் திரும்ப வாங்கி, மிச்சக் கதையை மின்னூலாகத் தாங்களே வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு கடைசிப் புத்தகத்தைத் தொடுவது நல்லது. தெரியாமல் படித்து முடித்துவிட்டு அடுத்ததற்காகக் காத்திருப்பதுதான் கொடுமை.

அதற்காகச் சீக்கிரமே நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். லிலியன் ஜாக்சன் பிரவுன் சயாமிப் பூனைகளை வைத்து எழுதிய தொடரில் 1966 முதல் 1968 வரை மூன்று புத்தகம் வந்தது. நான்காவது வந்தது 1986-இல்! அதன்பிறகு 2007 வரை எழுதி 29 புத்தகமாக வளர்த்தார்.

எழுத்தாளர் போனபிறகு வேறொருவர் தொடர்ந்தால் படிக்கலாமா? இதில் குடும்பங்கள் எடுத்த முடிவே இரண்டு விதம். ஸூ கிராஃப்டன் ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக ஏ தொடங்கி எழுதிவந்து, 'இசட்' எழுதும் முன் 2017 டிசம்பரில் இறந்தார். அவர் கதைகள் கோஸியைவிடக் கொஞ்சம் காரமானவைதான், இருந்தாலும் இங்கே சொல்ல வேண்டியவை. இன்னொருவரை வைத்து எழுத மாட்டோம் என்று குடும்பம் மறுத்துவிட்டது. அகர வரிசை ஒய் எழுத்தோடு முடிகிறது என்றார் மகள். எம்.சி. பீட்டன் 2019 டிசம்பர் 30-இல் இறந்தார். அவருடைய அகதா ரெய்சின், ஹேமிஷ் மெக்பெத் தொடர்களை ஆர்.டபிள்யூ. கிரீன் தொடர்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. நான் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: கொலைக்கும் துப்புக்கும் சம்பந்தமில்லாத ஓர் உரையாடலை எடுத்துப் படிப்பேன், இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் வானிலையைப் பற்றிப் பேசுவது போல ஏதாவது. அதில் பழைய குரல் கேட்டால் மேலே போகலாம். கேட்கவில்லை என்றால், நமக்கு முடிவு எங்கே என்று நாமே கோடு போட்டுக்கொண்டு நிறுத்திவிடலாம், குறை ஒன்றுமில்லை.

கடைசிப் புத்தகத்தை முடித்த கையோடு அதே மாதிரி இன்னொரு தொடரைத் தேடாதீர்கள். இது எங்கள் வீட்டுச் சட்டமே ஆகிவிட்டது. கல்யாண வீட்டிலிருந்து வந்த மறுநாளே இன்னொரு கல்யாண வீட்டுக்குப் போனால் எந்தப் பலகாரமும் ருசிக்காது. புதுப் பாட்டியைப் பழைய பாட்டியோடு ஒப்பிட்டே புத்தகத்தைக் கெடுத்துவிடுவோம். அதற்குப் பதில் அதே தொடரில் முதல் புத்தகத்தை மறுபடி எடுங்கள். யார் செய்தது என்று தெரிந்தபின் வாசிப்பது வேறு மாதிரி இருக்கும். எழுத்தாளர் துப்பை எங்கே நம் கண் முன்னாலேயே வைத்து மறைத்தார் என்பது அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் ஒரு வேடிக்கையான பேச்சுக்கு நடுவில் வைத்திருப்பார், நாம் சிரித்துக்கொண்டே கடந்திருப்போம். நான் அந்த இடங்களில் பென்சிலால் ஓரக்கோடு போடுவேன்.

ஐயா (தாத்தா) கடையில் பயன்படாமல் கிடந்த ஒரு பேரேட்டில் ஊர்வாரியாக ஆட்களின் பெயர், உறவு, தொழில், யார் வீட்டில் யார் வேலை பார்த்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். தொடர் தொடங்கும்போதே இதைச் செய்யுங்கள். நடுவில் ஆறு மாதம் நின்றுபோனாலும் ஊருக்குள் திரும்பப் போகலாம். தொடர் முடிந்தபின் அதைப் புரட்டினால் அந்த மனிதர்கள் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். ஆயாவுக்கு சில நாள் கதை வேண்டாம், பேரேட்டை மட்டும் வாசிக்கச் சொல்வார்.

இடைவெளியில் நம் பக்கத்து ஆட்களிடமும் போனோம். ஆயா கேட்டது தேவனின் துப்பறியும் சாம்புவை. அசட்டு சாம்பு தற்செயலாகத் தடுக்கி விழும் இடத்திலெல்லாம் திருடன் அகப்படுவான், இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைமை என்று நினைப்பார். ரத்தமில்லாத, மனிதர்கள் நிறைந்த துப்பறியும் கதை என்றால் தமிழில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். தேவன் 1957-லேயே போய்விட்டார். அதற்கப்புறம் தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால். தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர் என்பதால் ஆயாவுக்கு அவர்மேல் தனிப் பாசம். சங்கர்லால் கதை ஊர்க்கதை அல்ல, விமானம் ஏறி உலகம் சுற்றும் கதை. ஒரு கிராமத்தைப் பிரிந்த மனசுக்கு அப்படி முற்றிலும் வேறாக இருப்பதுதான் அப்போது மருந்தாக இருந்தது.

படித்து முடித்த தொகுப்பை என்ன செய்வது? கொடுப்பதானால் உடைக்காமல் ஒரே இடத்துக்குக் கொடுங்கள். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு ஒன்று என்று பிரித்தால் அந்த ஊர் கலைந்துவிடும், யாரும் முழுசாக அங்கே குடியிருக்க முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் துண்டறிக்கைகளும் சிதறியிருந்தால் இன்று என்ன மிஞ்சியிருக்கும்? 1992-இல் அவர் காலமானபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஒரு லட்சம் அளவிலான அந்தச் சேகரிப்போடு நம் பன்னிரண்டு புத்தகத்தை வைத்துப் பேச முடியாதுதான், ஆனால் நியாயம் ஒன்றே. நாங்கள் எங்கள் மார்ப்பிள் தொகுப்பைப் பக்கத்து ஊரில் ஒரு பள்ளி நூலகத்துக்குக் கட்டாகக் கொடுத்தோம். முதல் புத்தகத்தின் உள்ளட்டையில் எந்த வரிசையில் படிக்கலாம் என்று ஒரு தாள் ஒட்டினேன். பேரேட்டை மட்டும் கொடுக்கவில்லை.

இப்போது நாங்கள் இருப்பது போட்ஸ்வானாவில். அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் 1998-இல் தொடங்கிய தொடர், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். அப்பா விட்டுப்போன மாடுகளை விற்று, அந்தப் பணத்தில் காபரோனில் துப்பறியும் நிலையம் வைக்கும் மா ரமோட்ஸ்வேதான் நாயகி. மாட்டை விற்கலாமா என்று ஆயா ஒரு முழு மத்தியானம் வாதாடினார். பிறகு, அப்பச்சி சொத்தைத் தொழிலில் போட்டவள் என்று ஏற்றுக்கொண்டார். முடியாத தொடருக்கு எங்கள் வழி, ஆசிரியரை எட்டிப் பிடித்துவிடாமல் பின்தங்கியே போவது. ஒன்று முடிந்தால் நடுவில் வேறு ஏதாவது படித்துவிட்டுத்தான் அடுத்தது. கையில் எப்போதும் படிக்காதது இரண்டாவது இருக்க வேண்டும். ஆயாவுக்கு இந்த நிதானம் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் சின்ன வெள்ளை வேன் சத்தம் போட ஆரம்பித்திருக்கிறது. மெக்கானிக்கான கணவர் மடேகோனியிடம் சொன்னால் வேனை விற்கச் சொல்லிவிடுவார் என்று அவள் மறைக்கிறாள். "கதையெல்லாம் நீ பொறுத்து வாசி. வேனு ஓடுதா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லிரு" என்கிறார் ஆயா, தினமும்.